பதினேழில் போன பதினோரு விருந்தாளிகள்

மைக் அக்காவின் குரல் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. முகம் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. பேருந்து நிலையத்தின் நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அறை. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது. அதற்குள் பதினாறு வருடமாக உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குப் புறப்படும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று அறிவிப்பு. பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்று, ஐந்து நிமிடத்தில் ஒன்று, இரண்டு நிமிடத்தில் ஒன்று. மைக்கின் சிவப்புப் பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தபடியே பேச வேண்டும். விட்டால் குரல் பாதியில் செத்துவிடும். அதனால் அவளுடைய வலது ஆள்காட்டி விரல் மற்ற விரல்களைவிடக் கொஞ்சம் தட்டை.

கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு துளை. அதுதான் விசாரணை ஜன்னல். வந்து குனிந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலைதான். சொல்லிவிட்டு ஒரு பதிவேட்டில் கோடு போட வேண்டும். எந்த நிறுத்தத்தைக் கேட்டார்களோ அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு. மாதக் கடைசியில் கோடுகளைக் கூட்டி மேலே அனுப்பினால், அதிகம் கேட்கப்பட்ட தடத்துக்கு வண்டி கூடும். இரண்டு வருடமாக எல்லா மாதமும் முதலிடம் நீரூற்றுத் தோட்டத்துக்கு. தடம் எண் பதினேழு. அவள் போட்ட கோடுகளாலேயே அந்தத் தடத்தில் மூன்று வண்டி கூடியிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

வயது நாற்பத்தொன்று. வந்த இரண்டு வரன்களையும் ஷிஃப்ட் நேரம் துரத்திவிட்டது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். தங்கைக்கு அப்படி ஆகவில்லை. நல்ல இடம், நல்ல பையன், வெளியூர். கல்யாணம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பத்தொன்பது பேர் வியாழக்கிழமையே வந்து நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதியில் இறங்கிவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை முழுக்க ரூம்ல உக்காந்து என்ன பண்றது? உங்க ஊர்ல பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்று போன வாரமே போனில் கேட்டிருந்தார் மாப்பிள்ளையின் அத்தை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை ஹெச்.எம். அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள்.

அம்மா போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "என் பெரிய பொண்ணக் கேளுங்க. இந்த ஊர்ல அவளுக்குத் தெரியாத இடமே இல்ல!"

தெரியும்தான். நூற்றுப் பன்னிரண்டு நிறுத்தங்களின் பெயர் அவளுக்கு மனப்பாடம். ஆனால் போனது? வீடு, நிலையம், மருந்துக்கடை. சின்ன வயதில் அப்பா ஒரு தடவை நீரூற்றுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். கலர் விளக்கில் தண்ணீர் எகிறியது ஞாபகம் இருந்தது. போதாததற்குப் பதிவேடு வேறு சாட்சி சொன்னது. தினம் எத்தனை பேர் கேட்கிறார்கள்! நல்ல சட்டை, இஸ்திரி போட்ட புடவை, கையில் சாப்பாட்டுக் கேரியர், இடுப்பில் குழந்தை, கூடவே மாமன் மச்சான் என்று ஒரு பட்டாளம். பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்கா இப்படிப் போவார்கள்?

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தாள். தடம் எண், நடைமேடை, போகும் நேரம், திரும்பும் நேரம், எல்லாம் நிமிடக் கணக்கு. முதல் வரி நீரூற்றுத் தோட்டம். அதன் கீழே, 'அவசியம் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு செல்ல ஏற்ற இடம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். பிறகு பழைய பாலம், பொருட்காட்சிக் கூடம், படகுத்துறை. நிலையத்து ஜெராக்ஸ் கடையில் இருபத்தைந்து பிரதி.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு பேர் தாளும் கையுமாக வந்து ஜன்னலுக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். மற்றவர்களுக்கு அசதி, தூங்குகிறார்களாம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்பதற்காக அன்று அவள் இரட்டை ஷிஃப்ட் போட்டிருந்தாள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை.

"பிரமாதமா எழுதியிருக்கம்மா. ஒரு பிழை இல்ல" என்றார் ஹெச்.எம். அத்தை. "பரீட்சைப் பேப்பரா இருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பேன்."

"ரெண்டாம் பிளாட்பாரம் அத்தை. ஒன்பது நாப்பது. ஏறி முன்னாடி உக்காருங்க, பின்னாடி தூக்கிப் போடும்."

ஒன்பது நாற்பதுக்கு வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் பதினோரு கைகள் அவளுக்கு டாட்டா காட்டின. அவளும் காட்டினாள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் வந்து துளையில் குனிந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதக் கட்டு. "அக்கா, குடும்ப கோர்ட்டுக்கு எந்த பஸ்?"

பதினாறு வருடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "கோர்ட்டு பழைய கடைவீதியிலதாம்மா. பதினொண்ணாம் நம்பர்" என்றாள் மைக் அக்கா.

பக்கத்தில் நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்த கண்டக்டர் ஒருவர் சிரித்துவிட்டார். "எந்தக் காலத்துல இருக்கீங்க அக்கா? அது மாறி ரெண்டு வருஷமாச்சு. நீரூற்றுத் தோட்டம். பதினேழுதான் போகும். நாங்க அந்த வண்டிக்கு டைவர்ஸ் எக்ஸ்பிரஸ்னே பேரு வச்சிருக்கோம். நீங்கதானே கோடு போட்டுப் போட்டு மூணு வண்டி கூட்டினீங்க?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இரண்டாம் நடைமேடையைப் பார்த்து நடந்தாள்.

மைக் அக்கா பதிவேட்டைப் புரட்டினாள். இரண்டு வருடமாக ஜன்னலில் குனிந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. யார் வாயைத் திறந்து கோர்ட் என்று சொல்வார்கள்? நிறுத்தத்தின் பெயரைத்தான் சொல்வார்கள், அதுவும் மெதுவாக. தன் வீட்டிலேயே அப்படித்தானே.

அவளுடைய அண்ணன் காலையில் வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "பதினோரு மணிக்கு வாய்தா. இதோட முடிஞ்சிடும்னு வக்கீல் சொல்றார்" என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. இரண்டு வருடமாகவே அந்த விவாகரத்துப் பேச்சு வந்தால் வீட்டில் எல்லாரும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். அவன் ஸ்கூட்டரில் போவான், ஸ்கூட்டரில் வருவான்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியிருந்தது வேறு. அண்ணிக்கு வெளிநாட்டில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அது அம்மாவின் ஏற்பாடு. "பொய்யா சொல்றோம்? கொஞ்சம் தள்ளிப் போடறோம். கல்யாணம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்" என்றாள். நிச்சயதார்த்தத்தில் அண்ணன் வந்தவர்களை ஓடி ஓடிக் கவனித்தான். அந்தப் பதினோரு பேருக்கும் அவனை நன்றாகத் தெரியும்.

அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. கோர்ட்டுக்குள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் போல. ஹெச்.எம். அத்தையின் எண் அம்மாவிடம்தான் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டால் மண்டபத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம்.

"என்னடி? சத்தமா சொல்லு!"

சொன்னாள்.

"நீயே டாட்டா காட்டி அனுப்பிட்டு என்னைக் கேக்கறியா?" என்றாள் அம்மா. "ஊருக்கே வழி சொல்றவ. ஓடிப் போய் நிறுத்துடி!"

"எப்படிம்மா ஓடறது? பத்து அஞ்சு, பத்து எட்டு, பத்து பன்னெண்டு, வரிசையா வண்டி இருக்கு. மாத்திவிட ஆள் இல்ல."

அம்மா எண்ணைக் கொடுத்தாள். அத்தையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது விடுதி அறையில், சார்ஜரில் அடித்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைசியாக அந்தப் பதினேழாம் எண் வண்டியின் கண்டக்டரைப் போனில் பிடித்தாள்.

"இப்பத்தான் இறக்கி விட்டேன் அக்கா. நம்ம விருந்தாளிங்களா? அந்தப் பெரியம்மா இறங்கறப்ப நீரூற்று எங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அது இப்ப கோர்ட்டு காம்பவுண்டுக்குள்ள இருக்கே. கேட்டு வழியா உள்ள போங்கன்னு சொன்னேன். தப்பா அக்கா?"

"இல்லப்பா" என்றாள். வேறு என்ன சொல்வது? பொத்தானை அழுத்தினாள். "பயணிகளின் கவனத்துக்கு. பத்து மணி இருபது நிமிடத்துக்குப் புறப்பட வேண்டிய..." குரல் பிசிறில்லாமல் வந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளே இப்படி அடித்துக்கொள்ளும்போது தொண்டை மட்டும் எப்படி ஒழுங்காக வேலை பார்க்கிறது?

மைக்கை வைத்துக்கொண்டு இந்த நிலையத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். தொலைந்த குழந்தை, விட்டுப்போன பை, கழிவறையில் மாட்டிக்கொண்ட கிழவர், எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் ஒலிபெருக்கிக் குழாய்கள் வாசலோடு சரி. தெருவைத் தாண்டினால் அவளும் ஊமைதான்.

தாளில் திரும்பும் வண்டி பன்னிரண்டு ஐம்பது என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு ஐம்பது வண்டி ஒன்றேகாலுக்குப் பிறகு வந்து நின்றது. காகிதக் கட்டுகளோடு ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். ஒரே வீட்டுக்காரர்கள் போல இருந்த இரண்டு பேர் முன்வாசலில் ஒருவரும் பின்வாசலில் ஒருவருமாக இறங்கி எதிரெதிர்ப் பக்கம் போனார்கள். இதையெல்லாம் தினமும் பார்த்திருக்கிறாள். இன்றுதான் என்னவென்று தெரிகிறது. விருந்தாளிகள் வரவில்லை. தன் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து பார்த்து மறுபடி மூடி வைத்தாள்.

இரண்டு இருபதுக்கு வந்தார்கள். ஹெச்.எம். அத்தையைத் தவிர மற்ற பத்துப் பேரும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பாமல் விடுதியைப் பார்த்து நடந்தார்கள். ஒருவர் மட்டும் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஹெச்.எம். அத்தை நேராக ஜன்னலுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார்.

"குடும்பத்தோடு செல்ல ஏற்ற இடம்."

"அத்தை, சத்தியமா எனக்குத் தெரியாது..."

"தெரிஞ்சு அனுப்பியிருந்தா உன்னைப் பாராட்டியிருப்பேன்" என்றார். "நீரூற்றுல தண்ணி இல்ல. அதோட திட்டுல இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், அவங்கவங்க கேரியரைத் திறந்து வச்சுச் சாப்பிட்டுட்டு இருக்காங்க. நடுவுல உங்க அண்ணன். தனியா."

மைக் அக்கா பதிவேட்டை மூடி வைத்தாள்.

"எங்களைப் பாத்ததும் எழுந்து நின்னார். ஓடிடுவார்னு நெனச்சேன். ஓடல. எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தார். 'எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகல, தப்பு பாதிக்கு மேல என்னுது, இன்னிக்கோட முடியுது. என் தங்கச்சிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல'ன்னார். கூப்பிட்டாங்க, உள்ள போனார். முடிஞ்சு வெளிய வந்ததும் உங்க அண்ணி இவரைத் தாண்டிப் போனா. லீவு கிடைச்சிடுச்சு போல, வெளிநாட்டுல."

கடைசி வார்த்தை குத்தியது. குத்தட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

"அத்தை, உங்க வீட்டுல..."

"நான் மறைக்கமாட்டேம்மா. முப்பது வருஷம் பசங்க பொய்யைப் பிடிச்சுத்தான் சம்பளம் வாங்கினேன். நாலு அம்பது வண்டியில மாப்பிள்ளையோட அம்மா வரா. கார்ல வந்தா அவளுக்குத் தலைசுத்தும், அதான் பஸ். பத்து வாய் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒருத்தி சொல்லிடறேன். அவ என்ன முடிவு பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. கோவக்காரி இல்ல. ஆனா ஏமாத்தினாப் பொறுக்கமாட்டா." திரும்பியவர் நின்றார். "எத்தனாவது பிளாட்பாரம்?"

"நாலு" என்றாள் மைக் அக்கா.

நாலு ஐம்பதுக்கு அந்த வண்டி நிலையத்துக்குள் வருவதை அறிவித்ததும் அவளேதான். "வந்துகொண்டிருக்கும் பேருந்து நான்காவது நடைமேடையில் நிற்கும்." மாப்பிள்ளையின் அம்மா ஒரு பெட்டியும் ஒரு பையுமாக இறங்கினார். அத்தை பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்கூட வரவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஊருக்கெல்லாம் சத்தம் போடுகிறவளுக்கு முப்பது அடி தள்ளி நடப்பது கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு தடவை நெற்றியைத் துடைத்தார். பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். எழுந்தார். கண்ணாடி அறையைப் பார்த்து நடந்து வந்தார்.

நடுவில் வேறு இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவரும் பின்னால் நின்றார். முறை வந்ததும் குனிந்தார்.

"எங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

ஒரு பொய் வாய்வரைக்கும் வந்தது. போய்விட்டது, இனி நாளைக்குத்தான் என்று சொன்னால் போதும். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் அந்த ஜன்னலில் உட்கார்ந்து தப்பான நேரம் சொல்ல அவளுக்கு வரவில்லை. இந்த வீட்டுக்கு ஏற்கெனவே சொன்ன பொய்யே தாங்கவில்லை.

"ஏழு அம்பதும்மா. மூணாம் பிளாட்பாரம்."

"அப்ப நேரம் இருக்கு" என்றார் அவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மண்டபத்துக்கு எந்த பஸ்?"

"இருபத்திரெண்டு. ஒண்ணாம் பிளாட்பாரம். அஞ்சு அஞ்சுக்கு."

அவர் போனார். அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அந்த இரண்டு கேள்விக்கும் மைக் அக்கா கோடு போட்டாளா என்பது அவளுக்கே ஞாபகமில்லை.

பிறகு போன் வரவில்லை. அவள் போட்டாலும் எடுக்கவில்லை. ஆறு மணி, ஆறரை, ஏழு. தங்கையின் முகம்தான் கண்ணில் நின்றது. போன வாரம் புதுச் செருப்பை வீட்டுக்குள்ளேயே போட்டுப் போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தாள், மேடையில் கடிக்கக் கூடாதாம். ஏழு நாற்பதுக்கு மூன்றாவது நடைமேடை வண்டிக்கு முதல் அறிவிப்பு செய்துவிட்டு, ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பெட்டியும் பையுமாக அந்த அம்மா வரவில்லை. அத்தை வரவில்லை. மூச்சு கொஞ்சம் இறங்கியது.

விசாரணை ஜன்னல் வரிசையில் மூன்றாவதாக அண்ணன் நின்றிருந்தான். காலையில் போட்ட அதே வெள்ளைச் சட்டை. தோளில் ஒரு பை. முறை வந்ததும் துளைக்கு முன்னால் வந்தான்.

"என்னண்ணா? மண்டபத்துல என்ன ஆச்சு?"

"கல்யாணம் நடக்குது. பயப்படாதே." துளையில் குனிந்து சிரிக்கப் பார்த்தான். "அந்தம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க. 'வேற எதாவது மறைச்சிருக்கீங்களா?' அப்பா அழுதுட்டார். அப்புறம் அவங்களே அப்பாவுக்குத் தண்ணி குடுத்தாங்க. அவ்வளவுதான்."

"அப்ப பை எதுக்கு?"

அவன் பையின் வாரைச் சரிசெய்தான். "நம்ம அம்மாதான் சொன்னாங்க. நாளைக்கு அவங்க ஆளுங்க இன்னும் நூறு பேர் வருவாங்க. நான் அங்க நின்னா மேடையைப் பாக்கமாட்டாங்க, என்னைத்தான் பாப்பாங்க. ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வான்னு."

"அவங்க கேட்டாங்களா, நீ வரக்கூடாதுன்னு?"

"யாரும் கேக்கல. அத்தை இருக்கச் சொன்னாங்க. அம்மாதான்."

"சின்னவளுக்குத் தெரியுமா?"

"பக்குவமா சொல்லிக்கலாம்னாங்க."

"போகாதண்ணா. நம்ம வீட்டுல போய்ப் படு. எட்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட் முடியுது, நான் வந்து அம்மாகிட்ட பேசறேன். நான் அந்தத் தாளை எழுதலன்னா..."

"நீ எழுதலன்னாலும் நான் அங்கதான் உக்காந்திருப்பேன்" என்றான் அண்ணன்.

பின்னாலிருந்து ஒருவர், "ஏங்க, குடும்பக் கதையெல்லாம் அப்புறம் வச்சுக்கக் கூடாதா? வண்டி போயிடும்" என்றார். ஐந்து நிமிட அறிவிப்புக்கு நேரமாகிவிட்டது. அவள் பொத்தானை அழுத்தி, மூன்றாவது நடைமேடை, ஏழு ஐம்பது என்று சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அண்ணன் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

"அந்த வண்டிலதான் போறேன்" என்றான். "மாப்பிள்ளை ஊருக்கே. எல்லாரும் நாளைக்கு இங்க வந்துடுவாங்க, அங்க என்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நல்ல யோசனைதானே?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். பிறகு நிஜமாகவே கேட்டான். "ரெண்டு நாள் இருக்கணும். அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

அந்த ஊரின் பெயரைப் பதினாறு வருடமாக ஒரு நாளைக்கு ஒன்பது வண்டி, ஒரு வண்டிக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறாள்.

"தெரியாதுண்ணா" என்றாள். "நான் போனதில்ல."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். மூன்றாவது நடைமேடையில் ஏறி, முன்னால் உட்கார்ந்தான். பின்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடும் என்று அவனுக்கும் தெரியும். இரண்டு நிமிடம்தான் பாக்கி. அவள் விரலைப் பொத்தானில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசி அறிவிப்பைச் சொன்னாள்.